நம்பர் மாறுமோ?

போன மார்கழியில் அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கட தெருவில் உள்ள பழைய செப்புக் கம்பியை எடுக்கப் போகிறார்கள், இனி வீட்டு ரெலிபோன் ஃபைபர் வழியாகத்தான் வரும், நாள் குறித்துத் தந்தால் டெக்னீஷியன் வந்து மாற்றித் தருவார் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு நாள் ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் நீட்டி, "தம்பி, நம்பர் மாறுமோ?" என்று கேட்டார்.

என் தொழிலே இதுதான். டோர்வலில், எயார்போர்ட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பனி நடத்துகிறேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஹோட்டல், கிடங்கு, பல் வைத்தியர் கிளினிக் என்று போன் சிஸ்டம் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் வேலை. செப்புக் கம்பியில் தொடங்கி, இன்டர்நெட் போனுக்கு மாறி, இப்போது எல்லாம் க்ளவுட் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். அப்பாவின் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது: மாறாது. ஆனால் அவர் ஏன் அதை மட்டும் கேட்டார் என்பதை நான் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதை யோசிக்கும்போது, எங்கட மொன்றியலிலேயே நடந்த ஒரு பெரிய கம்பனியின் கதையும் நான் செய்த ஒரு பிழையும் சேர்ந்து நினைவுக்கு வந்தன.

மூன்று நிமிடக் கோல்

அப்பா 1986ல் வந்தவர். கடல் கடந்து வரும் விமானங்கள் அப்போது டோர்வலுக்கு வருவதில்லை. 1975 முதல் 1997 வரை மிராபெலில்தான் இறங்க வேணும். இரண்டு வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். எனக்கு நாலு வயது. கோட்-டெ-நேய்ஜில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ட், கூடவே அப்பாவின் நண்பர்கள் இரண்டு பேர், சுவரில் ஒரு போன்.

உங்களில் பலருக்கும் இந்தக் கதை தெரியும். ஊருக்குக் கோல் எடுப்பது ஒரு சடங்கு மாதிரி. யாழ்ப்பாணத்தில் போன் இல்லாத வருடங்கள் அவை. "இன்ன திகதி கொழும்புக்கு வாறன், லொட்ஜ் நம்பர் இது" என்று முதலில் கடிதம் வரும். அந்த நாளில் அப்பா அதிகாலை எழும்பி டயல் பண்ணுவார். என்னென்ன கதைக்க வேணும் என்று அம்மா ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி வைத்திருப்பா. நிமிடத்துக்கு டாலர் கணக்கில் காசு ஓடும். அப்பா கையில் மணிக்கூடு. எனக்குக் கிடைப்பது பத்து வினாடி. "அம்மம்மா சுகமா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்துப் பதில் வர முதலே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கோல் சட்டலைட் வழியாகப் போனால் குரல் 36,000 கிலோமீற்றர் மேலே ஏறி இறங்க வேணும். நாங்கள் கேட்டு, அவர்கள் சொல்லித் திரும்பி வர அரை வினாடி கூடுதலாகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வதெல்லாம் அதனால்தான்.

அந்தக் கோல்கள் எல்லாம் ஒரே கம்பனியின் கையால் போனவை. கனடாவிலிருந்து கடல் தாண்டிப் போகிற கோல்களை 1998 அக்டோபர் 1 வரை சட்டப்படி டெலிகுளோப் மட்டும்தான் கொண்டு போகலாம். தலைமையகம் மொன்றியலில். நகரத்திலேயே உயரமான கட்டிடமான 1000 டி லா கோஷெத்தியேரில் அவர்கள் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கு உள்ள கட்டிடம் என்றால் மொன்றியல் பிள்ளைகளுக்கு விளங்கும். மகன் சின்னவனாக இருந்தபோது டோர்வலில் ரயில் ஏறி லூசியன்-லாலியேயில் இறங்கி அங்கே கூட்டிப் போவேன். "அப்பப்பா ஊருக்கு எடுத்த கோல் எல்லாம் இந்தக் கட்டிடத்துக் கம்பனியாலதான் போனது" என்று சொன்னேன். "அவை ஏன் இப்ப இல்லை?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

ஐந்து தடவை மாறிய கம்பனி

பெரிய கம்பனி விழுந்தால், "அவர்கள் புது டெக்னாலஜியைக் கவனிக்கவில்லை" என்று சொல்வது எங்கள் வழக்கம். டெலிகுளோப் விஷயத்தில் அது பொருந்தாது.

1950ல் அது கனடிய அரசின் கம்பனியாகத் தொடங்கியது. அப்போது கடல் தாண்டிய பேச்சு சிற்றலை வானொலியில்தான். காலநிலை கெட்டால் குரலும் கெடும். 1956 செப்டம்பர் 25ல் ஸ்கொட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே முதலாவது அட்லாண்டிக் ரெலிபோன் கேபிள் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி., பிரித்தானியத் தபால் திணைக்களம், கனடிய அரசுக் கம்பனி ஆகிய மூன்றும் சேர்ந்து போட்டது. 36 வழிகள், அவ்வளவுதான். முதல் 24 மணி நேரத்தில் லண்டனுக்கும் கனடாவுக்கும் இடையே போனவை 119 கோல்கள்.

1961ல் கன்டாட் என்ற சொந்தக் கேபிள் வந்தது, 80 வழிகளோடு. எலிசபெத் மகாராணி பிரதமர் டீஃபன்பேக்கருக்குக் கோல் எடுத்துத் திறந்து வைத்தார். 1963ல் வான்கூவரிலிருந்து ஹவாய், பிஜி, நியூசிலாந்து வழியாக அவுஸ்திரேலியா வரை கொம்பாக். பிறகு நோவா ஸ்கோஷியாவின் மில் வில்லேஜில் சட்டலைட் தரை நிலையம். 1974ல் கன்டாட்-2, 1,840 வழிகள். 1975ல் டெலிகுளோப் என்று பெயர் மாறியது. 1987ல் அரசு அதைத் தனியாருக்கு விற்றது. மெமோடெக் என்ற மொன்றியல் கம்பனி வாங்கியது. 1988ல் முதலாவது அட்லாண்டிக் ஃபைபர் கேபிள் வந்தபோது ஒரே கேபிளில் 40,000 கோல் போகலாம் என்றானது. 1994ல் டெலிகுளோப் கன்டாட்-3ஐப் போட்டது. நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஐஸ்லாந்து, ஃபரோ தீவுகள், பிரிட்டன், டென்மார்க், ஜெர்மனி வரை ஃபைபர்.

வானொலி, செப்புக் கேபிள், சட்டலைட், டிஜிட்டல், ஃபைபர் என்று நாற்பது வருடத்தில் ஐந்து தடவை முழு நெட்வொர்க்கையும் மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உலகத்தில் முன்வரிசையில் நின்றார்கள். மாற்றத்தைக் கண்டு பயந்தவர்கள் செய்கிற வேலை இது இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. பில். 1956லும் நிமிடக் கணக்கு, 1994லும் நிமிடக் கணக்கு. கனடாவிலிருந்து இலங்கைக்கு ஒரு நிமிடம் கதைத்தால், அந்தக் காசில் ஒரு பங்கு அந்தப் பக்கத்து ரெலிபோன் கம்பனிக்குப் போகும். உலகம் முழுக்க அரசாங்கங்களும் கம்பனிகளும் ஒத்துக்கொண்ட கணக்கு அது. நிமிடம் விலை கூடியதாக இருக்கும் வரைக்கும் எல்லாருக்கும் நல்லது, எங்கட அப்பாமாரைத் தவிர.

நிமிடம் மலிந்தது எப்படி

1990களில் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தன.

முதலாவது ஒளி. ஃபைபர் என்பது தலைமயிர் தடிப்பில் உள்ள கண்ணாடி இழை. அதற்குள் ஒரு நிற ஒளியை அனுப்பினால் ஒரு பாதை. ஒரே இழைக்குள் பல நிற ஒளிகளை ஒன்றோடு ஒன்று கலக்காமல் அனுப்பலாம் என்றானபோது, கடலில் புதுக் கேபிள் போடாமலேயே பாதை பல மடங்கானது. பாதை கூடினால் வாடகை விழும்.

இரண்டாவது இன்டர்நெட். பழைய முறைக் கோல் என்பது கலியாணத்துக்கு முழு வானையும் ஹயர் பண்ணுவது மாதிரி. நீங்கள் இரண்டு பேர் போனாலும் வான் உங்களுக்கு மட்டும்தான். பேசாமல் இருக்கும் நேரத்திலும் பாதை உங்களுக்கென்று காத்திருக்கும். இன்டர்நெட் முறையில் குரலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மற்றவர்களுடைய ஈமெயில், படம் எல்லாவற்றோடும் ஒரே பஸ்ஸில் ஏற்றி விடுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் துண்டுகளை ஒழுங்காக அடுக்கினால் குரல். பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு உள்ள காசுதான்.

எங்கட வீடுகளில் இது போன் கார்டாக வந்தது. தமிழ்க் கடையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், கல்லாவுக்குப் பின்னால், கலர் கலராகத் தொங்கும். ஐந்து டாலர் கார்டு. இலங்கைக்கு இத்தனை நிமிடம், இந்தியாவுக்கு இத்தனை நிமிடம். இந்த வாரம் எந்தக் கார்டு நல்லது என்று கோவிலிலும் பிறந்தநாள் விழாவிலும் பெரியாட்கள் கதைப்பார்கள். சுரண்டி நம்பர் அடித்துக் காத்திருந்து கதைத்த அந்தத் தலைமுறைக்கு, உலக ரெலிபோன் வியாபாரத்தின் அடித்தளமே ஆடுகிறது என்று தெரியாது. நிமிடம் மலிகிறது என்பது மட்டும் தெரியும்.

கண் திறந்தபடி விழுந்தவர்கள்

1992ல் டெலிகுளோப்பின் தலைமைக்கு வந்தவர் சார்ல்ஸ் சிருவா. சிகூட்டிமியில் அப்பாவின் பேஜர் வியாபாரத்தில் தொடங்கியவர். பிறகு எங்களில் பாதிப்பேர் முதல் செல்போனாக வாங்கிய ஃபிடோவுக்குப் பின்னால் நின்றவரும் அவர்தான். தனியுரிமை போகப் போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கனடாவை நம்பி இருக்காமல் உலகம் முழுக்கக் கோல் கொண்டு போகும் கம்பனியாக அதை மாற்றப் பார்த்தார். 1998ல் டல்லஸில் இருந்த எக்செல் கம்யூனிகேஷன்ஸுடன் டெலிகுளோப்பை இணைத்தார். ஆளுக்கு ஆள் சொல்லிச் சேர்க்கும் சங்கிலி முறையில் தூரக்கோல் விற்ற கம்பனி அது. கேபிள் எங்களிடம் இருக்கிறது, அதை நிரப்ப லட்சக்கணக்கான வாடிக்கையாளர் அவர்களிடம் இருக்கிறார்கள் என்பது கணக்கு. அந்த வாடிக்கையாளர்கள் வாங்கியதும் அதே நிமிடம்தான். அதன் விலை அமெரிக்காவில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தது.

1999ல் குளோப்சிஸ்டம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். குரல், டேட்டா, வீடியோ எல்லாம் ஒரே வலையில், உலகம் முழுக்க, பல நூறு கோடி டாலர் செலவில். திசை சரியானது. இன்று உலகம் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அதே திசையில் அதே வருடங்களில் கடன் வாங்கி ஓடியவர்கள் பலர். 2000ல் பெல் கனடாவின் தாய்க் கம்பனியான பி.சி.இ., ஜோன் மோன்டியின் தலைமையில், தன்னிடம் ஏற்கனவே இருந்த பங்கோடு மிச்சத்தையும் 700 கோடி கனடிய டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. மோன்டி அதற்கு முன் நோர்தெலுக்குத் தலைமை தாங்கியவர். நெட்வொர்க் தெரியாத ஆள் இல்லை.

பிறகு சந்தை உடைந்தது. கடலுக்கடியில் எல்லாரும் போட்ட கேபிள் தேவைக்கு மேல் கிடந்தது. 2002 ஜனவரியில் குளோபல் குரொசிங், அதே வருடம் ஜூலையில் வேர்ல்ட்கொம் என்று பெரிய பெயர்கள் நீதிமன்றப் பாதுகாப்புத் தேடின. நடுவில் டெலிகுளோப்பும். 2002 ஏப்ரல் 24ல் இனிக் காசு போட முடியாது என்று பி.சி.இ. அறிவித்தது. அதே நாளில் மோன்டி பதவி விலகினார். மூன்று வாரத்தில் டெலிகுளோப் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மொன்றியலில் எங்கட பள்ளிக்கூட நண்பர்கள் வீடுகளிலும் அந்த வருடம் நெட்வொர்க் வேலை செய்த அப்பாமார் பகலில் வீட்டில் இருந்தார்கள்.

வாங்கியவர்கள் யார்?

இடிபாட்டை ஓர் அமெரிக்க முதலீட்டுக் கம்பனி மலிவாக எடுத்தது. 2004ல் டெலிகுளோப்பை ஐ.டி.எக்ஸ்.சி. என்ற நியூஜெர்சி கம்பனியோடு சேர்த்தார்கள். இன்டர்நெட் வழியாகவே கோல் கொண்டு போகும் வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்த கம்பனி அது. 2005 ஜூலையில் இந்த முழுவதையும் 23.9 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது, இந்தியாவின் வி.எஸ்.என்.எல்.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். டெலிகுளோப் கனடாவுக்கு எப்படியோ அப்படி இந்தியாவுக்கு இருந்தது வி.எஸ்.என்.எல். வெளிநாட்டுக் கோல் எல்லாம் அவர்கள் வழியாகத்தான். 1995 ஆகஸ்ட் 15ல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்ததும் அவர்கள்தான். 2002 ஏப்ரலில் அவர்களுடைய தனியுரிமையும் போனது. அதற்குச் சற்று முன் டாட்டா குழுமம் நிர்வாகத்தை எடுத்திருந்தது.

ஒரே நோய், இரண்டு நோயாளிகள். நிமிடம் விலை விழுகிறது, சட்டப் பாதுகாப்பு இல்லை. இவர்கள் என்ன செய்தார்கள்? மற்றவர்கள் கடன் வாங்கிக் கட்டி உடைந்ததை, விலை அடிமட்டத்துக்கு வந்த பிறகு வாங்கினார்கள். ரைக்கோ கம்பனி போட்ட, உலகைச் சுற்றும் 60,000 கிலோமீற்றர் கடலடிக் கேபிளை 13 கோடி டாலருக்கு எடுத்தார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தங்கள் கேபிளைப் போட்டார்கள். 2008ல் டாட்டா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அந்த வருடங்களில் தலைமை தாங்கிய என். ஸ்ரீநாத் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர். உலகத்துக் கம்பனிகளின் கோல்களை மொத்தமாகக் கொண்டு போவதில் பெரிய ஆளாக இருந்துகொண்டே, கம்பனிகளுக்கு டேட்டா நெட்வொர்க் நடத்திக் கொடுப்பதைப் பிழைப்பாக்கினார்கள். அவர்களுக்கும் நிமிடம் தொடர்ந்து மலிந்துகொண்டுதான் போனது. ஆனால் நிமிடத்தை மட்டும் நம்பி அவர்கள் நிற்கவில்லை.

காலமும் உதவியது என்பதை மறைக்கக் கூடாது. 2000ல் வாங்கியவருக்கு நட்டம், 2005ல் வாங்கியவருக்கு இலாபம், கேபிள் அதே கேபிள். இருந்தாலும் நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. டெலிகுளோப் கடைசி வரைக்கும் கம்பியை மாற்றத் தயங்கவில்லை. ஆட்கள் எதற்காகத் தங்களிடம் காசு தருகிறார்கள் என்பதைத்தான் திரும்ப யோசிக்கவில்லை.

என் பதினொரு பேர் கம்பனி

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அடி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

2016 வரை நானும் எண்ணிக் காசு வாங்கியவன்தான். அவர்கள் நிமிடத்தை எண்ணினார்கள், நான் லைனை எண்ணினேன். ஒரு ஹோட்டலில் அறைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், வெளியே பன்னிரண்டு லைன், ஒவ்வொன்றுக்கும் மாதம் இவ்வளவு. 2017 தைமாதம் என் பெரிய கஸ்டமர், ஒரு கிடங்கு, என்னை விட்டுப் போனது. அவர்களுடைய மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்: உங்கள் வேலையில் குறை இல்லை, எங்களுக்கு லைனே தேவையில்லை.

நான் செய்த முதல் வேலை, கடன் எடுத்துப் புது ஐ.பி. கருவிகள் வாங்கியது. புது டெக்னாலஜிக்கு மாறிவிட்டேன் என்று நினைத்தேன். பில்லில் "லைன்" என்று இருந்த இடத்தில் "ஐ.பி. லைன்" என்று மாற்றினேன். அடுத்த வருடம் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

எங்கட கம்பனியில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். ஊரில் ரெலிபோன் லைன் வேலை பார்த்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சுக்காரப் பெடியன்களும் "அண்ணே" என்பார்கள். புது முறைக்கு அவர் சரிவர மாட்டார், எப்படி நிற்பாட்டுவது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் பின்னேரம் அவரைக் கூப்பிட்டு, கஸ்டமர் ஒவ்வொருவரிடமும் எத்தனை போன் இருக்கு என்று லிஸ்ட் தாருங்கோ என்றேன். அவர் வேனிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தார்.

"தம்பி, நீங்கள் போனை எண்ணுறியள். நான் கம்பியில தொங்குறது எல்லாத்தையும் எண்ணி வச்சிருக்கிறன்."

லிஃப்ட்டுக்குள் உள்ள அவசரப் போன். நெருப்பு அலார்ம் பெட்டி. திருட்டு அலார்ம். கிளினிக்கிலிருந்து மருந்துக்கடைக்குப் போகிற ஃபாக்ஸ். பழைய கார்டு மெஷின். முன்வாசல் பசர். இதில் பாதி எங்கட பில்லிலேயே இல்லை. யாரோ எப்போதோ பூட்டியவை. செப்பை எடுத்தால் இவை எல்லாம் சத்தமில்லாமல் செத்துப் போகும். யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டுப்படும் நாளில்தான் தெரியவரும்.

அந்தக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. கஸ்டமருக்கு லைன் தேவையில்லை என்பது உண்மை. அமத்தினால் யாராவது அந்தப் பக்கம் எடுக்க வேணும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. அதற்கு நாங்கள் பொறுப்பெடுத்தால் காசு தருவார்கள். பில்லை மாற்றினோம். லைன் கணக்கு இல்லை. ஒரு கட்டிடத்துக்கு மாதம் ஒரு தொகை. அதற்குள் என்ன தொங்குகிறதோ எல்லாம் எங்கள் பொறுப்பு. பழுதென்றால் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வரும். இரண்டு வருடம் வருமானம் குறைந்தது. வீட்டில் மனைவியின் சம்பளத்தில் ஓடினோம். பிறகு நிமிர்ந்தது. போன கஸ்டமரில் ஒருவர் திரும்பி வந்தார். அண்ணையோடு சேஜெப் முடித்த ஒரு பெடியனைச் சேர்த்து விட்டேன். ஐ.பி. அமைப்பைப் பெடியன் அண்ணைக்குச் சொல்லிக் கொடுத்தான், எங்கே எது மறைந்திருக்கும் என்று அண்ணை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அண்ணை போன வருடம் ஓய்வு பெற்றார். அவருடைய கொப்பிதான் இன்று எங்கட கம்பனியின் சரிபார்ப்புப் பட்டியல்.

எங்கட வீடுகளில்

வயதான அம்மா அப்பாவோடு இருக்கும் வாசகர்களுக்கு இந்தத் தொழில்காரனின் சில வார்த்தைகள். செப்பை எடுக்கும் கடிதம் உங்கள் வீட்டுக்கும் வரலாம். பழைய போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். 1998 ஜனவரி ஐஸ் புயலில் மொன்றியலில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாத வீடுகள் பலவற்றில் போன் மட்டும் வேலை செய்தது அதனால்தான். ஃபைபர் போனுக்குக் கரண்ட் உங்கள் வீட்டு மோடெமிலிருந்து. வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும். மோடெமுக்கு ஒரு பேட்டரி வாங்கி வையுங்கள். கழுத்தில் அவசர பட்டன் போட்டிருக்கும் பெரியவர்கள் இருந்தால், மாற்றிய அன்றே அதை ஒரு தடவை அமத்திப் பாருங்கள். இன்டர்நெட் போனுக்கு மாறினால் 911க்குக் கொடுத்த முகவரி சரியா என்று கேளுங்கள். 2022 ஜூலை 8ல் ரொஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்க ஒரு நாள் விழுந்தபோது 911 எடுக்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. அதனால் வீட்டில் இரண்டு போன் இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம்.

பிள்ளைகள் என்ன படிக்க வேணும் என்று கேட்கும் நண்பர்களுக்கும் நான் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். எந்த டெக்னாலஜி நிலைக்கும் என்று எனக்குக் கேட்காதீர்கள், டெலிகுளோப்பில் இருந்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எதைப் படித்தாலும், அந்த வேலை யாருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்கப் பழக்குங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தவர். என் சித்தப்பா. ஏ-9 பாதை திறந்திருந்த காலத்தில், 2006ல், வவுனியாவுக்கு வந்து ஒரு கொம்யூனிகேஷன் கடையிலிருந்து கோல் எடுத்தார். பிறகு பாதை மூடியது. 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பா எழுதாத கடிதம் இல்லை, போகாத இடம் இல்லை. அந்த 514 நம்பர் எங்களோடு கோட்-டெ-நேய்ஜிலிருந்து லசால் போய், அங்கிருந்து டோர்வலுக்கு வந்தது. செல்போன் இருக்கும்போது லான்ட்லைனுக்கு ஏன் மாதம் மாதம் காசு கட்டுகிறீர்கள் என்று நானே எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். சித்தப்பா மனப்பாடமாக வைத்திருந்தது அந்த ஒரு நம்பரைத்தான் என்று அம்மாதான் ஒருநாள் குசினியில் வைத்து மெதுவாகச் சொன்னா.

மாற்றிய அன்று நான் வேலைக்குப் போகவில்லை. டெக்னீஷியன் போன பிறகு அப்பா தன் போனிலிருந்து என் செல்லுக்கு அடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திரையில் வந்த நம்பரை மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார். பிறகு போனை வழமையாக இருக்கும் ஜன்னலோரத்திலேயே வைத்தார்.

மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு யாருடைய நம்பரும் பாடமில்லை, எல்லாம் போனுக்குள் பெயராக இருக்கிறது. அன்று இரவு அப்பப்பாவின் நம்பரை அவனுக்குப் பாடமாக்கினோம். மூன்று தடவை பிழை விட்டான். நாலாம் தடவை சரியாகச் சொன்னான். அப்பா, "இன்னொருக்கால் சொல்லு ராசா" என்றார்.